கார்த் எப்போது சிகரெட் பிடிக்கத் தொடங்கினார்?

8 செப்டம்பர் 2015, செவ்வாய்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் கட்டத்தாளில் மூன்றாவது கோடும் இன்று வளைந்துவிட்டது. கண் டாக்டர் கொடுத்த தாள். தினமும் காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். கோடு நெளிந்தால் அவருக்குப் போன் செய்ய வேண்டும். இடது கண்ணை மூடுவது சும்மா ஒரு சடங்கு. அதன் நடுப்பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது.

போன் செய்தேன். வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி, நிறுத்தாமல் போட வேண்டுமாம். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் என் முறை வர ஆறு மாதம் ஆகும். அதுவரை கண் இருக்குமா என்று கேட்டேன். ஊர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் கார்த்தின் படகை விற்றால் ஐந்தாறு ஊசி போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு?

மேசையில் இன்னொரு கடிதம். கார்த் ஜூனில் இறந்துபோனதிலிருந்து இது மூன்றாவது. அவருடைய வெள்ளை அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்கிறது வீரர் நலத் துறை. வியட்நாமில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று காது மந்தமானதற்காகக் கொடுத்தது. காது வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும். 'காது அட்டை' என்பார். "மூக்கு ஒழுகினா இது செல்லாதும்மா, காது ஒழுகினாதான்" என்று மருந்துக்கடைப் பெண்ணிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

அனுப்ப மனசு வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

11 செப்டம்பர், வெள்ளி

அட்டையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்கத்தான் வீரர் சங்கத்துக்குப் போனேன். அங்கே பேரி இருக்கிறார். கடற்படையில் இருந்தவர், இப்போது சம்பளம் இல்லாமல் மற்றவர்களின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கிறார். ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று நெற்றியில், ஒன்று கழுத்தில். என் கண் கதையைக் கேட்டுவிட்டு, "தங்க அட்டைக்கு எழுதிப் போட்டீங்களா?" என்றார்.

வெள்ளை அட்டை ஒரு நோய்க்கு. தங்க அட்டை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எல்லாவற்றுக்கும். கணவன் இறந்தது போரின் விளைவால்தான் என்று துறை ஒப்புக்கொண்டால் மனைவிக்கும் அது உண்டாம். ஆயுசு முழுக்க. கண் ஊசியும் அதில் அடக்கம்.

"அவர் நுரையீரல் கெட்டுப் போனார் பேரி. குண்டடி பட்டு இல்ல."

"நுரையீரல் எதால கெட்டுச்சு?"

"சிகரெட்டால."

"அந்தச் சிகரெட்டை யார் கொடுத்தா? பட்டாளத்துச் சாப்பாட்டுப் பொட்டியிலேயே வெச்சுக் கொடுத்தாங்க. அங்க போய்ப் பழகியிருந்தா அது போர்க் கணக்குதான். ஒரே கேள்விதான் கிளெனிஸ். கார்த் எப்ப சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சான்?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "பதினாலு வயசுல, வைக்கோல் கொட்டகையோட சேர்த்து."

பேரி பேனாவைக் கீழே வைத்தார்.

அது குடும்பக் கதை. இந்தச் சங்கத்தில் அதைக் கேட்காதவர்கள் இல்லை. ஏப்ரல் 25 வீரர் நினைவு நாளில், விடியற்கால அஞ்சலி முடிந்ததும் எல்லாரும் இங்கே வந்து ரம் கலந்த சூடான பால் குடிப்பார்கள். ஆளுக்கு ஒரு கேலிக் கதை. கதை முடிந்ததும் மேசையைத் தட்டி "பொய், பொய்" என்று கத்த வேண்டும். அதுதான் இங்கே மரியாதை. கார்த்தின் அக்கா பெரில் வருடா வருடம் சொல்லும் கதை, தம்பி திருட்டுச் சிகரெட் பிடித்து அப்பாவின் கொட்டகையைக் கொளுத்தியது. கார்த்தும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

12 செப்டம்பர்

என் வாயைத் தைக்க வேண்டும்.

29 செப்டம்பர், செவ்வாய்

துறையிடமிருந்து கார்த்தின் பழைய கோப்பை பேரி வாங்கிவிட்டார். இரண்டு தாள்களை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

ஒன்று 1967-இல், பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டுப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுத்தபோது நடந்த உடல் பரிசோதனை. புகைப் பழக்கம்: இல்லை.

இன்னொன்று 2003-இல் நுரையீரலுக்காக கார்த்தே போட்ட விண்ணப்பம். எனக்குத் தெரியவே தெரியாது. புகைக்கத் தொடங்கிய வயது: 14. அவருடைய கையெழுத்துதான். அந்த ஒரு எண்ணுக்காகவே நிராகரித்திருக்கிறார்கள். அந்த வருடம் ஒரு நீளமான கடிதத்தை அவர் அடுப்பில் போட்டது ஞாபகம் இருக்கிறது. என்ன அது என்று கேட்டதற்கு விளம்பரம் என்றார்.

ஆக, இரண்டில் ஒன்று பொய். எது?

"டாக்டர்கிட்ட பொய் சொல்றது அந்தக் காலத்துப் பசங்களுக்குச் சகஜம்னு துறையில சொல்லுவாங்க" என்றார் பேரி. இருக்கலாம். ஆனால் கார்த் பிடித்த மீனின் நீளத்தைக்கூடக் குறைத்துச் சொல்லும் மனிதர். நாற்பத்து மூன்று வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன். 1971-இல் ஒரு நடன நிகழ்ச்சியில் முதன்முதலாகப் பார்த்தபோதே விரலில் சிகரெட் இருந்தது. அதற்கு முன்னால் அவர் யார்? நான் கேட்டதே இல்லை. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்பு கொடுத்து, கேட்காத மாதிரி கேட்டவள் நான். என் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை.

கண்ணுக்காகத்தான் தேடுகிறேன். ஆனால் இன்று ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதற்குக் காரணம் கண் இல்லை.

6 அக்டோபர், செவ்வாய்

டெஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வியட்நாமில் கார்த்துடன் ஒரே பீரங்கியில் நின்றவர். இப்போது குயின்ஸ்லாந்தில் இருக்கிறார். அவருக்கும் காது மந்தம். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது.

"சிகரெட்டா? அவன் பங்கெல்லாம் எனக்குத்தான் வரும். பொட்டிக்கு நாலு இருக்கும். அவன் நாலை என்கிட்ட கொடுப்பான், நான் என் பீச் பழ டப்பாவை அவன்கிட்ட கொடுப்பேன். மூணு மாசம் அப்படித்தான் ஓடுச்சு."

"அப்புறம்?"

"மே மாசம். பக்கத்துப் பீரங்கிப் பையன் ஒருத்தன் செத்துப் போயிட்டான். மறுநாள் காலையில கார்த் வந்து பீச் வேணாம், என் நாலைக் கொடுன்னான். பத்தவெச்சான். இழுக்கவே தெரியல அவனுக்கு. இருமி இருமி வாந்தி எடுத்தான். நான்தாம்மா சொல்லிக் கொடுத்தேன். மூச்சோட உள்ள இழுடான்னு. நான் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது."

நான் அவரைத் தேற்றி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

பதினாலு வயதில் கொட்டகையைக் கொளுத்தும் அளவுக்குப் புகைத்தவனுக்கு இருபத்தொன்றில் இழுக்கத் தெரியவில்லை. அப்படியென்றால் அந்தக் கொட்டகையில் யார்?

7 அக்டோபர்

டெஸ் எழுதிக் கொடுப்பாராம். பேரி பாதிதான் சந்தோஷப்பட்டார். "சிநேகிதன் வார்த்தை ஒரு பக்கம், செத்தவன் கையெழுத்து ஒரு பக்கம். சின்ன வயசுல அவனைப் பார்த்தவங்க ஒருத்தர் வேணும்." உயிரோடு இருப்பது ஒருத்திதான்.

18 அக்டோபர், ஞாயிறு

பெரிலைப் பார்க்க ஸ்மித்டனுக்குப் போனேன். நானே ஓட்டினேன், இனி அவ்வளவு தூரம் ஓட்டக் கூடாது. சாலையோரக் கம்பங்களெல்லாம் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தன.

பெரில் தேவாலயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். எழுபத்திரண்டு வயது, முதுகில் கூன் இல்லை, தொப்பியில் ஒரு சுருக்கம் இல்லை. பாதிரியார் வீட்டு மருமகள். மாட்டுப் பண்ணையை இப்போது அவள் மகன் பார்க்கிறான். அது அவர்கள் அப்பாவின் பண்ணை. நெருப்போடு விளையாடுகிறவன் கையில் மாட்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, மகனை விட்டுவிட்டு மகளுக்கு எழுதி வைத்தார். கார்த் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இங்கே பர்னிக்கு வந்து காகித ஆலையில் சேர்ந்தார்.

ஸ்காலப் பை, சிப்பிக்கறி உள்ளே வைத்த பணியாரம், சுட்டு வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அவளும் எப்போதும்போலச் சொன்னாள்: "மேற்கு மூலை, கன்னுக்குட்டித் தடுப்புக்குப் பின்னாடி. அப்பாவோட டப்பாவுலேர்ந்து எடுத்தது. இடது கையில பிடிச்சிருந்தான். நான் இங்க நின்னு மாவு பிசைஞ்சிக்கிட்டு இருந்தேன், இதே ஜன்னல்ல. எல்லாத்தையும் பார்த்தேன்."

"டெஸ் வேற மாதிரி சொல்றாரு பெரில்."

"அவன் யாரு எங்க வீட்டுக் கதையைச் சொல்ல? கார்த்தே எழுதியிருக்கான்னு நீதானே சொன்ன? டீ ஊத்தவா?"

ஊற்றினாள். கோப்பையில் பாதி, தட்டில் பாதி.

19 அக்டோபர்

நேற்று பெரில் வீட்டிலிருந்து கிளம்ப எழும்போது அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எரிந்த இடத்திலேயே, பழைய கல் அடித்தளத்தின் மேலேயே புதுக் கொட்டகை நிற்கிறது. அரைக் கண்ணுக்கே தெரிகிறது: அடுக்களையிலிருந்து மேற்கு மூலை தெரியாது. கிழக்குச் சுவர் மட்டும்தான்.

2 நவம்பர், திங்கள்

இன்று போனில் நேராகவே கேட்டேன். "கொட்டகையில இருந்தது யாரு பெரில்?"

அவள் மூச்சு மட்டும். பொய் சொல்லப் போகிறவர்களின் மூச்சு எனக்குத் தெரியும், அழப் போகிறவர்களின் மூச்சும் தெரியும். இது இரண்டும் இல்லை. வைத்துவிட்டாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு கோபம் வந்தது. பெரில் மேல் இல்லை, கார்த் மேல். என்ன மனுஷன்யா நீ? பதினாலு வயசுல அக்காவுக்காக அடி வாங்கின, சரி. பண்ணையை விட்டுக் கொடுத்த, சரி. அம்பத்தாறு வயசுல, மூச்சு வாங்கிக்கிட்டு, அந்தத் தாள்லயும் போய்ப் பதினாலுன்னு எழுதினியே — அதை யாரு படிக்கப் போறா? ஏதோ ஒரு ஆபீஸ்காரன். அவன்கிட்டகூடவா அக்காவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது? நான் ஒருத்தி இருக்கேன்னு தோணலையா?

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

ஆனால் பெரிலை இழுத்து வந்து நிறுத்த எனக்கு என்ன உரிமை? அவரே செய்யவில்லையே.

3 டிசம்பர், வியாழன்

டெஸ்ஸின் கடிதத்தையும் 1967 தாளையும் வைத்து பேரி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டார். "நூத்துக்கு எவ்வளவு?" என்றேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு மாற்றினார், மூக்கிலிருந்து நெற்றிக்கு மாற்றினார்.

படகு போய்விட்டது. வாங்கினவன் படகின் பெயரை மாற்ற மாட்டேன் என்றான், நல்ல பையன். மூன்று ஊசி ஆகிவிட்டது, கோடுகள் கொஞ்சம் நிமிர்ந்திருக்கின்றன. கண் தெரிவது நல்லதுதான். இன்னும் எத்தனை மாதம் தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

28 டிசம்பர், திங்கள்

பெரில் வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், கிறிஸ்துமஸ் கேக்குடன். தொப்பியைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. ஃபிரிட்ஜ் கட்டத்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல எந்தக் கோடு வளைஞ்சு தெரியுது உனக்கு?"

காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"எனக்குப் பதினெட்டு வயசு" என்றாள். "அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பாதிரியார் பையன். பொம்பளை சிகரெட் பிடிச்சா அந்த வீட்டுப் படியேற முடியாது. எனக்கோ அது இல்லாம இருக்க முடியல. வைக்கோல்ல விழுந்திடுச்சு. மிதிச்சேன், அணையல. கார்த்துதான் முதல்ல ஓடி வந்தான். என் கையிலேர்ந்து டப்பாவைப் பிடுங்கித் தன் பையில போட்டுக்கிட்டு, உள்ள போ, மாவுல கையை வைன்னான். அப்பா பெல்ட்டைக் கழட்டினப்ப நான் அந்த ஜன்னல்ல நின்னேன். மாவு பிசையல. சும்மா கையை உள்ள விட்டுக்கிட்டு நின்னேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆனதும் சொல்லிடறேன்னேன். வேணாம்னான். அப்பா உயில் எழுதினப்பவும் சொல்றேன்னேன். எனக்கு மாடே பிடிக்காதுக்கா, மீன்தான் பிடிக்கும்னான். அப்புறம் எப்படியோ அது சிரிக்கிற கதையாயிடுச்சு. நான் நல்லாவும் சொல்றேன்னு எல்லாரும் சொன்னாங்க. சிரிக்கிற கதையை யாரு போய் மாத்துவா கிளெனிஸ்?"

"இடது கைன்னு சொல்வீங்களே."

"எனக்குத்தான் இடது கைப் பழக்கம்."

நாற்பது வருடமாக அவள் டீ ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இது என் மூளையில் ஏறவே இல்லை. துப்பறிகிறாளாம் துப்பு.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, கொஞ்சம்தான். மீதி இடத்தில் வேறு என்னவோ இருந்தது. பதினாலு வயதுப் பையன் ஒருவன் மாவுல கையை வை என்று சொல்வது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பையனை எனக்குத் தெரியும். அடுப்பில் கடிதத்தைப் போட்டுவிட்டு விளம்பரம் என்றவன்.

30 டிசம்பர், புதன்

பெரில் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தில், அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் சத்தியம் செய்து, கையெழுத்துப் போட வேண்டும். ஸ்மித்டனில் அந்த அதிகாரம் உள்ளவர் பெரிலின் தேவாலயப் பொருளாளர்.

"பர்னியில என்னைத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்றாள். பேரி அதே அதிகாரம் உள்ள ஒரு வீட்டுமனைத் தரகரைக் காட்டினார். அந்த ஆள் படிக்கக்கூட இல்லை, முத்திரையைக் குத்திவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார். வெளியே வந்து பெரில் தொப்பியைச் சரி செய்துகொண்டாள். "இது வேற யார் கண்ணுலயும் படாதுல்ல?"

"துறைக்குள்ளேயே இருக்கும்" என்றார் பேரி.

14 ஜனவரி 2016, வியாழன்

வாக்குமூலத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. உருப்பெருக்கியை வைத்துப் படித்தேன். கடைசி வரி: 'என் தம்பி பட்டாளத்துக்குப் போகும்வரை புகைத்ததில்லை. புகை நாற்றமே அவனுக்கு ஆகாது. என் கை நாற்றத்துக்குக்கூட விலகித்தான் உட்காருவான்.'

4 பிப்ரவரி

கடிதம் இல்லை.

29 பிப்ரவரி

இல்லை. ஐந்தாவது ஊசி. படகுப் பணம் தீர்ந்தது.

17 மார்ச், வியாழன்

வந்துவிட்டது.

தங்கம் என்கிறார்கள், பார்த்தால் கடுகு நிறம். என் பெயர் மேடாக அச்சடித்திருக்கிறது. விரலால் தடவினாலே படிக்கலாம். அது பிடித்தது. கூட இருந்த கடிதத்தில் ஒரு வரி: கார்த் வெஸ்ட்கோமின் மரணம் அவரது போர்ச் சேவையின் விளைவு என்று ஏற்கப்படுகிறது. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன், அட்டையை இல்லை.

சந்தோஷம். அழுதேன், அதுவும்தான். பிறகு செப்டம்பரிலிருந்து டிராயரில் வைத்திருந்த காது அட்டையை உறையில் போட்டு ஒட்டினேன்.

பெரிலுக்குப் போன் செய்தேன். "நல்லது" என்றாள். அப்புறம், "ஊசிக்கு யாரு உன்னைக் கூட்டிட்டுப் போறா?" பேருந்து என்றேன். "கண்ணுல ஊசி போட்டுக்கிட்டுப் பஸ்ஸுல வருவியா?" என்று திட்டினாள்.

14 ஏப்ரல்

பெரில் வண்டியில் போய் ஏழாவது ஊசி. வரவேற்பில் இருந்த பெண் அட்டையைத் தேய்த்தாள், அவ்வளவுதான், உள்ளே போகச் சொன்னாள். "மூக்கு ஒழுகினாலும் இது செல்லும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பெரிலுக்குப் புரிந்தது.

25 ஏப்ரல், திங்கள்

நல்ல குளிர். விடியற்கால அஞ்சலி முடிந்து எல்லாரும் சங்கத்துக்கு வந்தோம். போன வருடம் கார்த் எனக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். இந்த வருடம் அந்த நாற்காலியில் பெரில். ஸ்மித்டன்காரர்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தேவாலயப் பொருளாளர் இரண்டாவது மேசையில்.

ரம் பால் வந்தது. அந்த வருடம் போனவர்களின் கதையை வீட்டார் சொல்ல வேண்டும். கார்த்தின் பெயர் வந்ததும் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். தலைவர் பெரிலைப் பார்த்துக் கண்ணடித்தார். "கொட்டகை, கொட்டகை" என்று மேசைகளிலிருந்து குரல். நான் எழுந்து வேறு கதை, அந்த மருந்துக்கடைக் கதையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பேரியும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குள் பெரில் எழுந்துவிட்டாள்.

"மேற்கு மூலை" என்று ஆரம்பித்தாள்.

"கன்னுக்குட்டித் தடுப்புக்குப் பின்னாடி" என்றார்கள் எல்லாரும் சேர்ந்து.

"கொட்டகையில ஒரு பொண்ணு இருந்தா. பதினெட்டு வயசு."

ஒரே சிரிப்பு. "கார்த்துக்கு அது வேறயா?" என்று யாரோ. புது வரி என்று நினைத்துவிட்டார்கள். பெரில் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். கோப்பையைப் பிடித்திருந்தது இடது கை.

"அந்தப் பொண்ணு நான்தான். சிகரெட்டும் என்னோடதுதான். என் தம்பி அன்னிக்கு வாய்க்கால்ல மீன் பிடிச்சிக்கிட்டு இருந்தான். புகையைப் பார்த்து ஓடி வந்தான். பழியை அவன் எடுத்துக்கிட்டான், பண்ணையை நான் எடுத்துக்கிட்டேன். அம்பத்தஞ்சு வருஷமா நான் உங்ககிட்ட சொன்னது பொய். அவன் அதுக்கும் உங்களோட சேர்ந்து சிரிச்சான். இதுதான் கதை."

சொல்லிவிட்டு உட்காராமல் அப்படியே நின்றாள். பொருளாளரை நேராகப் பார்த்துக்கொண்டு. வழக்கப்படி அடுத்து மேசையைத் தட்ட வேண்டும், பொய் என்று கத்த வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

யாரும் தட்டவில்லை.